இரவு மழைக் காட்சி: 5000 லீற்றர் பவுசரும் வயல் பம்பும் போதுமா?

பனங்கூடல்_படக்குழு (கிளிநொச்சி) கேட்டது:

அண்ணையவை, அக்காவை, ஒரு குறும்படத்துக்கு இரவு மழைக் காட்சி வேணும். இடம் ஒரு கிறவல் ஒழுங்கை. ஒரு பக்கம் பனை வடலி, மற்றப் பக்கம் தகரம் போட்ட சின்னக் கடை. ஒரு பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு மழைக்குள்ளால வந்து கடைத் தாவாரத்தில ஒதுங்குறா, அங்க நிக்கிறவரோட கதைக்கிறா. மொத்தம் 3 நிமிசம். மாரி வரும் வரைக்கும் பொறுக்கேலாது, ஆவணிக்குள்ள முடிக்கவேணும்.

கைவசம் இருக்கிறது: ட்ரக்டர் இழுக்கிற 5000 லீற்றர் பவுசர், வயலுக்கு இறைக்கிற 2 அங்குலப் பெற்றோல் பம்ப், திருவிழா லைற் கட்டுறவையிட்ட வாடகைக்கு எடுக்கக்கூடிய 200 வாட் எல்ஈடி ஃப்ளட் லைற் 4, ஒரு ஜெனரேற்றர். கமரா நொடிக்கு 50 ஃப்ரேம் வரை போகும்.

ரெண்டு பவுசர் தண்ணி அடிச்சாலும் கமராவில மழையே தெரியாமல் போகும் எண்டு பலபேர் சொல்லினம். பெரிய படங்களில தண்ணிக்குள்ள பால் கலக்கிறவை எண்டதும் உண்மையோ? என்ன செய்யவேணும் எண்டு அளவுகளோட சொல்லுங்கோ.

---

பின்னொளி எழுதியது:

தம்பி, தண்ணியைப் பற்றி யோசிக்க முன்னம் லைற்றைப் பற்றி யோசியுங்கோ. மழை தெரியாமல் போறதுக்குக் காரணம் தண்ணி குறைவு இல்லை, லைற் நிக்கிற பக்கம் பிழை.

கணக்குப் போட்டுப் பாருங்கோ. 3 மில்லிமீற்றர் துளி ஒண்டு ஏழு மீற்றர் உயரத்தில இருந்து விழேக்க நொடிக்குக் கிட்டத்தட்ட 7 மீற்றர் வேகம் எடுக்கும். உங்கட ஷட்டர் திறந்திருக்கிற நேரம் 1/50 செக்கன் எண்டால், அந்த நேரத்துக்குள்ள துளி 14 செ.மீ. தூரம் விழுந்திடும். அதால கமராவில துளி விழாது, 14 செ.மீ. கோடுதான் விழும். அந்தக் கோட்டில எந்த ஒரு புள்ளியிலயும் துளி நிக்கிற நேரம் அரை மில்லிசெக்கன் கூட இல்லை. மிச்ச 19 மில்லிசெக்கனுக்கு மேல கமரா பாக்கிறது துளிக்குப் பின்னால இருக்கிறதைத்தான். பின்னால வெள்ளைச் சுவரோ வெளிச்ச வானமோ இருந்தால் கோடு அதுக்குள்ள கரைஞ்சு போகும்.

கமராப் பக்கம் இருந்து லைற் அடிச்சால் துளி கண்ணாடி மாதிரி, வெளிச்சத்தில பெரும்பங்கு அதுக்குள்ளால அப்பிடியே போயிடும். பின்னால இருந்து அடிச்சால் துளி வில்லை போல வெளிச்சத்தை மடக்கி முன்னுக்கு அனுப்பும், அது நேர கமராவுக்குள்ள வரும். ஆகவே ரெண்டு விதி: லைற் மழைக்குப் பின்னால, பின்னணி இருட்டு. உங்களுக்குப் பனை வடலி இருக்குது. கமராவைக் கடைப் பக்கம் வைச்சு வடலியைப் பாக்க வையுங்கோ, அதைவிட நல்ல கறுப்புத் திரை கிடையாது.

4 லைற்றையும் இப்பிடிப் பிரியுங்கோ. ரெண்டை ஒண்டாக் கட்டி, 5 மீற்றர் சாரத்தில ஏத்தி, நடிக்கிறவைக்குப் பின்னால மழை விழுத்துற குழாய்க்கு 8 மீற்றர் பின்னால, ஃப்ரேமுக்கு வெளியில கொஞ்சம் சாய்வா நிப்பாட்டுங்கோ. கமராவுக்கு நேர் எதிரில் இருந்து 30, 40 பாகைக்குள்ள இருக்கிற வரைக்கும் துளி நல்லாப் பிரகாசிக்கும், அதுக்கு மேல விலக விலக மங்கும். மூண்டாவது லைற் முகத்துக்கு. அதை நேர அடிக்காமல் வெள்ளை ரெஜிபோம் மட்டையில பட்டுத் தெறிக்க விடுங்கோ. நாலாவது கடைக்குள்ள, மஞ்சள் தாள் சுத்தி. முகத்து வெளிச்சத்தைவிடப் பின்வெளிச்சம் நாலு மடங்கு, அதாவது ரெண்டு ஸ்டொப் கூட இருக்கவேணும். முகம் இருட்டா இருக்கெண்டு முன் லைற்றைக் கூட்டுறதுதான் எல்லாரும் செய்யிறது. கூட்டின உடன மழை செத்துப்போம். அதுக்குப் பதிலா லென்ஸை எஃப் 2.8 வரைக்கும் திறவுங்கோ, ஐஎஸ்ஓவை (கமராவின்ர வெளிச்ச உணர்திறனை) 1600 ஆக்குங்கோ.

மலிவு எல்ஈடி லைற் மினுங்கும். எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதால லைற் நொடிக்கு 100 தரம் துடிக்கும். 25 ஃப்ரேமும் 1/50 ஷட்டரும் வைச்சால் பிரச்சினை வராது. 24 ஃப்ரேமில 1/48 வைச்சால் திரையில பட்டை ஓடலாம். முதல் நாளே ஷட்டரை 1/500இல வைச்சு ஒவ்வொரு லைற்றையும் எடுத்துப் பாருங்கோ. பட்டை தெரியாத லைற்றுகளைப் பின்னுக்குப் போடுங்கோ, பட்டை தெரியிறதைக் கடைக்குள்ள போடுங்கோ.

---

மல்லாவி_வாசகி எழுதியது:

பால் கதைக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 1952இல் வந்த 'சிங்கிங் இன் த ரெயின்' படத்தில் மழை தெரிவதற்காகத் தண்ணீரில் பால் கலந்தார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அது உண்மையல்ல. மேலே சொன்ன பின்னொளிதான் அங்கும் வேலை செய்தது. அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விடயம் வேறு: நாயகன் ஜீன் கெல்லி காலால் அடித்துத் தெறிக்க வைக்கும் நீர்க்குட்டைகள் தானாகத் தேங்கியவை அல்ல. நடன அடி விழும் இடங்களைக் குறித்து வைத்து, அங்கே தரையைத் தோண்டிச் செய்தார்கள். அவருக்கு அப்போது 103 பாகை ஃபரனைட் காய்ச்சல்.

தண்ணீரில் உண்மையாகவே ஒன்று கலந்த படம் ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950). பாழடைந்த கோபுர வாசலில் கொட்டும் மழையின் பின்னால் சாம்பல் நிற வானம். தீயணைப்புக் குழாயால் அடித்த தண்ணீர் அந்த வானத்தோடு ஒன்றிப்போய்க் கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் கறுப்பு மையைக் கலந்தார்கள். வானம் வெளிறியிருந்தால் துளியைக் கறுப்பாக்க வேண்டும். பின்னணி கறுப்பாக இருந்தால் துளிக்கு ஒளி கொடுக்க வேண்டும். உங்களுக்கு இரண்டாவது வகை, ஆகவே எதையும் கலக்க வேண்டியதில்லை. பால் கலந்தால் குழாய்த் துளை அடைபடும், மறுநாள் நாறும், உடுப்பில் கறை பிடிக்கும்.

'ஜுராசிக் பார்க்' (1993) படத்தில் பெரிய டைனோசர் இயந்திரம் மழையில் நிற்கும் காட்சியை ஸ்டூடியோவுக்குள்தான் எடுத்தார்கள். அந்த இயந்திரத்தின் தோல் பஞ்சு போன்ற றப்பர். அது தண்ணீரை உறிஞ்சி எடை கூடியதும் இயந்திரம் உதறத் தொடங்கியது. இடைவேளைகளில் துடைத்துக் காயவைத்துக் காயவைத்துத்தான் தொடர்ந்தார்கள். காய்ந்த எடைக்குக் கணக்குப் பார்த்துச் செய்த எதுவும் நனைந்ததும் வேறு பொருளாகிவிடும். உங்கள் இடத்திலும் அப்படியானவற்றைத் தேடிப் பாருங்கள்: கடை வாசலில் அட்டைப் பெட்டி, நீர்ச்சாயத்தில் எழுதிய பெயர்ப்பலகை, சாக்கு, கிடுகு. பெயர்ப்பலகையை எனாமல் பெயின்றில் எழுதுவியுங்கள்.

இன்னொன்று. 'பிளேட் ரன்னர்' (1982) முழுக்க இரவும் மழையும் புகையுமாக இருப்பதற்கு ஒரு காரணம், அது ஸ்டூடியோவின் பழைய தெருச் செற் என்பதை அவை மறைத்தன. உங்களுக்கும் அந்த உதவி கிடைக்கும். ஒழுங்கையின் முடிவில் தொலைபேசிக் கோபுரமோ விளம்பரப் பலகையோ இருந்தால் மழையும் இருட்டும் விழுங்கிவிடும், பின்னொளி அதில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

---

இறைப்புக்காரன் எழுதியது:

தண்ணிக் கணக்கு நான் சொல்லுறன்.

முதலில ஒண்டு: மிளகாய்த் தோட்டத்துக்குப் போடுற சுழலும் தெளிப்பானை எடுக்கவேண்டாம். அது "டக் டக்" எண்டு சுத்தி ஒரு பக்கம் அடிச்சிட்டு மற்றப் பக்கம் போகும். கமராவில மழை தாளம் போட்ட மாதிரி வந்து வந்து போகும். பூவாளி மாதிரிக் கீழ பாத்து அடிக்கிறதும் சரிவராது, தண்ணி கம்பி கம்பியா இறங்கும். தண்ணி மேல போய், உச்சியில உடைஞ்சு, தன்ர பாரத்தில விழவேணும். அப்பதான் துளி ஒழுங்கில்லாமல், இயற்கையா விழும்.

செய்முறை. ஒண்டேகால் அங்குலப் பிவிசி பைப், 6 மீற்றர் நீளத்தில ரெண்டு. ஒவ்வொண்டிலயும் மேல் பக்கம் ரெண்டு வரிசை துளை. 1.5 மில்லிமீற்றர் அலகால 15 செ.மீ.க்கு ஒண்டு, வரிசைக்கு 40, மொத்தம் 80. ரெண்டு வரிசையும் நேர் மேல பாக்காமல் ஆளுக்கு 10 பாகை வெளிப்பக்கம் சரிஞ்சிருக்கவேணும், அப்பதான் 3 மீற்றர் அகலத்துக்கு விழும். துளை போட்ட பிறகு உள்ளுக்கை கிடக்கிற பிவிசித் தூளைத் தண்ணி விட்டுக் கழுவி எடுங்கோ. பாதித் துளை அடைபடுறது அந்தத் தூளாலதான்.

துளைக்குள்ளால போற தண்ணி உடைஞ்சு உருவாகிற துளி, துளையைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பெரிசு. 1.5க்கு 3 மி.மீ. துளி வரும், நல்ல மாரி மழை. 3 மி.மீ. துளை போட்டால் 6 மி.மீ. துளி, வானத்தில கூட அந்த அளவுத் துளி நிலைக்காது. பாக்கேக்க குழாய்த் தண்ணி எண்டு உடன பிடிபடும்.

பைப்பை 4 மீற்றர் உயரத்தில கட்டுங்கோ. தண்ணி பைப்புக்கு மேல 3 மீற்றர் எழும்பினால் போதும், மொத்தம் 7 மீற்றரில இருந்து விழும். அதுக்குப் பைப்பில வேண்டிய அமுக்கம் 0.3 பார் மட்டுந்தான். அந்த அமுக்கத்தில ஒரு துளையால நிமிசத்துக்கு அரை லீற்றர் போகும். 80 துளைக்கு 40 லீற்றர், ரெண்டு பைப்புக்கும் 80. 5000 லீற்றர் பவுசர் ஒரு மணித்தியாலம் நிண்டு பிடிக்கும். நிலம் நனைக்க 800 லீற்றரை முதலே கழிச்சிடுங்கோ.

இப்ப பிழைக்கிற இடம். உங்கட 2 அங்குலப் பம்ப் வயலில திறந்து விட்டால் நிமிசத்துக்கு 500 லீற்றர் அளவில தள்ளும். அதை 80 லீற்றர் போற ஓட்டைக்குள்ள நெரிச்சால் அமுக்கம் 2 பாருக்கு மேல போயிடும். தண்ணி துளியா வராது, புகாரா, பனிமூட்டம் மாதிரி வரும். காத்து அதை அள்ளிக்கொண்டு போய் லென்ஸில அப்பும், பின் லைற்றில பாத்தால் புகை எழும்புற மாதிரி இருக்கும். பொருத்துகளும் கழரும். அதால பம்ப் வாயில ஒரு T போட்டு, ஒண்டரை அங்குல வால்வோட ஒரு குழாயைத் திருப்பிப் பவுசருக்குள்ளயே விடுங்கோ. வால்வை முழுக்கத் திறந்துகொண்டு பம்பை ஸ்ராட் பண்ணி, மெல்ல மெல்ல மூடி, தண்ணி 3 மீற்றர் எழும்பினவுடன நிப்பாட்டுங்கோ. வால்வில பேனையால அடையாளம் போட்டு வையுங்கோ. ஒவ்வொரு ஷொட்டுக்கும் அந்த அடையாளத்துக்கே வந்தால்தான் மழை ஒரே அளவில இருக்கும்.

தண்ணியை ஒரு தலைப்பில விட்டால் மற்றத் தலைப்பு சோரும். நடுவில T வைச்சு ஊட்டுங்கோ. பைப் வெயிலில தொய்யும், ஒண்டரை மீற்றருக்கு ஒரு இடத்தில கமுகஞ்சிலாகையோட சேத்துக் கட்டுங்கோ. தொய்ஞ்சால் துளை பாக்கிற திசை மாறிடும்.

பைப் எங்க வாறது எண்டால்: ஒண்டு நடிக்கிறவைக்கு 6 மீற்றர் பின்னால, ஒண்டு கமராவுக்கும் அவைக்கும் நடுவில. அவை தாவாரத்துக்குக் கீழ நிக்கிறதால அவைக்கு மேல மழையே தேவையில்லை. பிள்ளை சைக்கிளோட வாற ஷொட்டுக்கு மட்டும் முன் பைப்பை அவவுக்கு மேல கொண்டு போங்கோ. இது உங்கட கதை குடுத்த பெரிய வசதி.

தாவாரத்தில இருந்து ஒழுகிற தண்ணியை விட்டிடாதேங்கோ. என்ர கணிப்பில மழையைவிட அதுதான் பாக்கிறவையை நம்ப வைக்கும். முக்கால் அங்குலப் பைப் ஒண்டைத் தகரத்துக்கு மேல, கமராவுக்குத் தெரியாத உயரத்தில படுக்க வையுங்கோ. தகரத்தின்ர ஒவ்வொரு பள்ளத்துக்கும், அதாவது 3 அங்குலத்துக்கு ஒண்டா, 3 மி.மீ. துளை போடுங்கோ. அந்தப் பைப்பின்ர வால்வைக் கொஞ்சமாத் திறந்தால் ஒவ்வொரு பள்ளத்தாலயும் நூல் மாதிரித் தண்ணி இறங்கும். கூரைக்கு மேல மழை அடிக்கவே வேண்டாம், அடிச்சால் வசனம் ஒண்டும் கேக்காது.

கிறவல் நிலம் ஆவணியில தண்ணியைக் குடிச்சுக்கொண்டே இருக்கும். எடுக்க 20 நிமிசத்துக்கு முன்னம் ஒருக்கா, 5 நிமிசத்துக்கு முன்னம் இன்னொருக்கா நனையுங்கோ. மழை விழுற இடத்தை மட்டும் நனைக்காமல் ஃப்ரேமில தெரியிற முழு ஒழுங்கையையும், சைக்கிள் வாற பாதையையும், வடலி மட்டையளையும் நனையுங்கோ. நீர்க்குட்டைக்கு ரெண்டு இடத்தில 2 அங்குலம் தோண்டி, பொலித்தீன் விரிச்சு, மேல கிறவலைத் தூவித் தண்ணி விடுங்கோ. பின் லைற் அதில விழுந்து ஒழுங்கைக்கு ஆழம் குடுக்கும்.

பவுசரை 25 மீற்றர் தள்ளிக் காய்ஞ்ச நிலத்தில விடுங்கோ. நிறைஞ்ச பவுசரில தண்ணி மட்டும் 5 தொன், நனைஞ்ச ஒழுங்கையில புதைஞ்சால் இரவில எடுக்கேலாது. வாய்க்கால் தண்ணி வேண்டாம், நடிக்கிறவையின்ர கண்ணுக்கும் வாய்க்கும் போறது. எலிக்காய்ச்சல் வாற தண்ணி அது. தோட்டக் கிணத்துத் தண்ணி எடுங்கோ, உறிஞ்சு குழாயின்ர அடி வாயில இருக்கிற புட்வால்வுக்குச் சீலை சுத்துங்கோ. ஆவணியில குடிதண்ணி பவுசரில போற ஊரெண்டால் அந்தப் பவுசரை மறிக்கவேண்டாம்.

---

பனங்கூடல்_படக்குழு எழுதியது:

அளவோட சொன்னதுக்கு மெத்தப் பெரிய உபகாரம் அண்ணை. ரெண்டு சந்தேகம். ஆவணியில சோளகக் காத்து பலமா அடிக்கும், அதுக்கு என்ன செய்யிறது? தண்ணிக்குள்ள கரண்ட், அதுதான் எல்லாருக்கும் பயமாக் கிடக்கு.

---

வயர்மன்_வவுனியா எழுதியது:

பயம் நல்லது, அதை விடவேண்டாம்.

ஜெனரேற்றர் மழை விழுற இடத்தில இருந்து 20 மீற்றருக்கு அப்பால், மேட்டில. அதில இருந்து வெளிக்கிடுற வயருக்கு 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் (கரண்ட் கசிஞ்சால் தானா விழுறது) கட்டாயம். சின்ன ஜெனரேற்றர் பலதில நியூட்ரலும் உடம்பும் இணைக்காமல் விட்டிருக்கும். அப்பிடியெண்டால் ட்ரிப் சுவிச் போட்டிருந்தும் விழாது. தெரிஞ்ச மின் வேலைக்காரர் ஒருத்தர் நியூட்ரலைப் பிணைச்சு, எர்த் கம்பி அடிச்சு, ட்ரிப் சுவிச்சை உண்மையா விழுத்திக் காட்டின பிறகுதான் தண்ணியைத் திறக்கவேணும். சுவிச்சில இருக்கிற ரெஸ்ற் பொத்தானை அமத்தினது மட்டும் போதாது.

லைற்றில ஐபி65 (தண்ணி அடிச்சாலும் உள்ளுக்குப் போகாது எண்ட தரக்குறி) எண்டு அடிச்சிருந்தாலும் அது லைற்றுக்குத்தான், வயர் பொருத்துக்கு இல்லை. நனையிறது பொருத்துத்தான். எல்லாப் பொருத்தும் நிலத்தில இருந்து ஒண்டரை மீற்றர் உயரத்தில, கீழ பாத்துத் தொங்கவேணும். வயர் பொருத்துக்கு வரமுன்னம் ஒரு வளைவு கீழ இறங்கி ஏறினால் தண்ணி அந்த வளைவில சொட்டிப்போகும். பழைய ஹலஜன் லைற் ஏதும் கிடந்தால் கிட்டவும் கொண்டுவரவேண்டாம், சூட்டில குளிர் துளி பட்டால் கண்ணாடி வெடிக்கும். 4 லைற்றுக்கும் 800 வாட்தான், 2 கிலோவாட் ஜெனரேற்றரே காணும்.

காத்துக்கு: ஏழு மீற்றரில இருந்து துளி விழ ஒரு செக்கனுக்கு மேல எடுக்கும். நொடிக்கு 2 மீற்றர் காத்து, மெல்லிசாத்தான் தெரியும், ஆனால் மழையை ரெண்டு மீற்றர் தள்ளிப் போட்டிடும். பைப்பைக் காத்து வாற பக்கம் அந்தளவுக்கு நகர்த்திக் கட்டுங்கோ. அதைவிடப் பலமா அடிச்சால் நிப்பாட்டிப் பொறுங்கோ. சாரத்தின்ர நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டுங்கோ, லைற் ஏத்தின சாரத்துக்கு அடியில மணல் மூட்டை வையுங்கோ.

---

ஒலித்தடம் எழுதியது:

சத்தத்தைப் பற்றி ஒருதரும் சொல்லயில்லை. பம்ப் ஓடேக்க எடுக்கிற வசனம் பாவிக்கேலாது, முதலே அப்பிடி முடிவெடுங்கோ. ஆனால் மைக்கை வைச்சு எடுங்கோ, டப்பிங்குக்கு வாயசைவு பாக்க உதவும். ஒவ்வொரு ஷொட் முடிஞ்சதும் பம்பை நிப்பாட்டி, அதே இடத்தில, அதே நனைஞ்ச உடுப்போட, ரெண்டு பேரையும் அதே வசனத்தை மூண்டு தரம் சொல்ல வைச்சுப் பதியுங்கோ. குளிரில நடுங்கிற குரலும் மழைக்கு மேலால உயர்த்திக் கதைக்கிற குரலும் அறைக்குள்ள பிறகு வராது. மழை ஓயாத மாதிரி உரத்துத்தான் சொல்லவேணும் எண்டு நினைவுபடுத்துங்கோ. சத்தம் நிண்டவுடன எல்லாரும் தங்களை அறியாமல் குரலைத் தணிப்பினம்.

மழைச் சத்தம் மூண்டா வேணும்: தூரத்து இரைச்சல், கிட்டத் தகரத்தில விழுறது, தாவாரத்துச் சொட்டு. இதுகளை உண்மையான மழையில தனித்தனியாப் பதிஞ்சு வைச்சுக்கொள்ளலாம், படத்துக்குத்தான் ஆவணி, சத்தத்துக்கு ஐப்பசி. காட்சி கடைக்கு வெளியில நிக்கேக்க இரைச்சலைக் கூட்டி, தாவாரத்துக்கு வந்தவுடன தகரத்தைக் கூட்டுங்கோ. வசனத்துக்குள்ள தகரச் சத்தத்தில உயர் சுருதியைக் குறையுங்கோ, இல்லாட்டி "ச", "ஸ" எல்லாம் அதுக்குள்ள போயிடும்.

உடுப்பு: ஒரே சட்டை மூண்டு சோடி. காய்ஞ்ச ஷொட்டுகள் முழுக்க முதல், அதுக்குப் பிறகுதான் தண்ணி. வெள்ளையும் மெல்லிய துணியும் வேண்டாம், நனைஞ்சால் உள்ள தெரியும், பிள்ளைக்குச் சங்கடம். அவவுக்குத் துவாயும் சூடான தேத்தண்ணியும் பொறுப்பா ஒருத்தர் நிக்கவேணும். ஆவணி வெக்கை பகலிலதான், நனைஞ்ச உடம்பில சோளகம் அடிச்சால் அரை மணித்தியாலத்தில பல்லுக் கிடுகிடுக்கும்.

லென்ஸில துளி விழுந்தால் எல்லாம் வீண். கமராவைத் தறப்பாளுக்குக் கீழ வைச்சு, அகல லென்ஸைத் தவிர்த்து 50 மி.மீ.க்கு மேல பாவியுங்கோ. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, துளி காய்ஞ்சால் வெள்ளைப் பொட்டு நிக்கும். காய விடாமல் உடன ஒத்தி எடுங்கோ. ஏசி வாகனத்துக்குள்ள கமராவை வைச்சுக் கொண்டு போனால் வெளியில எடுத்தவுடன லென்ஸ் ஆவி பிடிக்கும், அரை மணித்தியாலம் முன்னமே வெளியில எடுத்து வையுங்கோ.

---

பின்னொளி எழுதியது:

50 ஃப்ரேம் பற்றி விட்டுப்போச்சு. வசனம் வாற ஷொட் எல்லாம் 25, ஷட்டர் 1/50. சைக்கிள் சில்லு குட்டையை உடைக்கிறது, தாவாரத்துச் சொட்டு, இந்த ரெண்டுக்கும் மட்டும் 50 ஃப்ரேம், ஷட்டர் 1/100. அப்ப கோடு பாதியா, 7 செ.மீ.க்குக் குறுகும், துளி துளியாத் தெரியத் தொடங்கும். வெளிச்சமும் பாதியாகும், பின் லைற் ரெண்டையும் ரெண்டு மீற்றர் கிட்டக் கொண்டுவந்து ஐஎஸ்ஓவை ஒரு படி கூட்டுங்கோ. அந்த ரெண்டு ஷொட்டையும் கடைசியா வையுங்கோ. பவுசரில 500 லீற்றர் மிஞ்சினாலே அதுக்குக் காணும்.